விலைக்கு முன் பெயர்

மார்க்கம்
28 செப்டெம்பர் 2024

அன்புள்ள றெஜினா மாமிக்கு,

நான் ஜெனாட், உங்கள் அண்ணா சூசைதாசனின் மகள், உங்கள் ஞானப்பிள்ளை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம்.

எல்லோரும் படுத்த பிறகு போர்வைக்குள் ரோச் லைற் வைத்து எழுதுகிறேன். அப்பா தண்ணீர் குடிக்க எழும்பினால் படிக்கட்டில் சத்தம் கேட்கும். உடனே அணைத்துவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என் எழுத்து நேராகத்தான் இருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் பிரெஞ்சுப் பாடத்துக்குப் பழமையான ஓர் இடத்தைப் பற்றி ப்ரொஜெக்ற் செய்ய வேண்டும். ஈஃபில் கோபுரத்துக்கு அடிபிடி. என் சிநேகிதி கௌசி அதை விட்டுத்தர மாட்டேன் என்று அழுதே வாங்கிவிட்டாள். எனக்கு மிஞ்சியது பழைய ஆஸ்பத்திரிகள். தேடியபோது நீங்கள் இருக்கும் புனித மார்த்தா ஆஸ்பத்திரி வந்தது. அதற்குச் சொந்தமாகத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது, அந்த வைனை விற்றுத்தான் ஐந்நூறு வருடங்களாக ஏழை நோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்று போட்டிருந்தது. கீழே குலை வெட்டுகிறவர்களின் படம். அதில் கழுத்தில் செபமாலையுடன் ஒருவர். எங்கள் ஆல்பத்தில், ஞானஸ்நானத்தன்று என்னைத் தூக்கி வைத்திருக்கும் வெள்ளை உடுப்புச் சிஸ்ரரின் அதே முகம். பெயரும் போட்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருமுறை நான் கேட்டதற்கு அப்பா, "அவ மடத்தை விட்டிட்டுச் சாராயத் தொழிற்சாலையிலை நிக்கிறா. இனி உந்தக் கதை இந்த வீட்டிலை வேண்டாம்" என்றார். பக்கத்து ஊரான விட்பியில் இருக்கும் பஸ்ரியன் அங்கிள் அப்படித்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறார். அது ஆஸ்பத்திரி என்று அப்பாவுக்குத் தெரியாது. சொல்ல எனக்குப் பயம். அப்பா ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் அவர் குரல் உயர்ந்தாலே நான் என் அறைக்குள் போய்விடுவேன்.

எங்கள் வீட்டுக் கடிதங்கள் வந்து விழும் தெருமுனைத் தபால் பெட்டியின் சாவி என் பொறுப்பில் இருக்கிறது. ஆகவே நீங்கள் பயமில்லாமல் பதில் எழுதலாம். நான்தான் பயந்துகொண்டு எடுக்க வேண்டும்.

உங்கள் ஞானப்பிள்ளை
ஜெனாட்


புனித மார்த்தா ஆஸ்பத்திரி, பூர்கோஞ், பிரான்ஸ்
15 ஒக்ரோபர் 2024

என் அன்பு மருமகளுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. நான் சுகம். அறுவடை முடிந்ததால் முதுகு மட்டும் முறைப்பாடு வைக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் தலையிடி இப்போது குறைவா? பஸ்ரியன் குடும்பம் சுகமா? அயலட்டை எல்லாம் நலந்தானே?

உன் கடிதத்தை வார்ட்டில் வைத்துத்தான் பிரித்தேன். மொறிஸ் என்ற கிழவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எழுத்தா, தையல் வேலையா?" என்று கேட்டார். என் மருமகளின் எழுத்து என்றேன். எனக்கு மருமகள் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

சிஸ்ரராக இருந்த காலத்தில் என்னை இந்த வார்ட்டுக்குத்தான் அனுப்பினார்கள். இப்போது பகலில் கொடிகளுக்கு நடுவே நிற்கிறேன், பின்னேரம் கிழவர்களுக்குச் சூப் பருக்குகிறேன். மடத்தை விட்டேன், வேலையை விடவில்லை. ஏன் விட்டாய் என்று நீ கேட்கவில்லை. அதற்கு நன்றி.

ஒளித்து எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை, பிள்ளை. அம்மாவிடமாவது சொல். எழுதாதே என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

என்றும் உன் மாமி
றெஜினா


மார்க்கம்
3 நவெம்பர் 2024

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் முதுகு நோ தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம். அப்பாவும் சுகம். நீங்கள் எல்லோரையும் விசாரித்துவிட்டு அவரை மறந்துவிட்டீர்கள் போல.

அம்மாவிடம் சொன்னேன். சமையலறையில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் முழுவதையும் கேட்டார், ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கு அந்த இரவு நித்திரையே இல்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் என் மேசையில் வெளிநாட்டுக் கடிதங்களுக்கு ஒட்டும் தபால் முத்திரைகள் இருந்தன.

இப்போது பெரிய விஷயம். மே மாதம் எனக்கு உறுதிபூசுதல். ஆயர் நெற்றியில் தைலம் பூசும்போது ஞானத்தாய் பின்னால் நின்று தோளில் கை வைக்க வேண்டும். ஞானஸ்நானத்துக்கு நின்றவரே இதற்கும் நிற்பதுதான் சிறப்பு என்று எங்கள் கோவில் குருவானவர் சீமோன் சுவாமி வகுப்பில் சொன்னார். அப்பா விட்பி அன்ரியை, அதாவது பஸ்ரியன் அங்கிளின் மனைவியைக் கேட்க நினைத்திருக்கிறார். அன்ரி நல்லவர். ஆனால் எனக்கு உங்கள் கைதான் வேண்டும். நீங்கள் வருவீர்களா? வருகிறேன் என்று எழுதினால், எப்படியாவது தைரியத்தைத் தேடிப்பிடித்து அப்பாவிடம் நானே கேட்பேன்.

ப்ரொஜெக்ற்றுக்காக ஒரு கேள்வி. வைனை எப்படி விற்பார்கள்?

பதிலை எதிர்பார்த்து,
ஜெனாட்


பூர்கோஞ்
24 நவெம்பர் 2024

என் செல்ல மருமகளுக்கு,

நீ சளி, தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே மூக்கு நுனி சிவக்கும் குளிர். மற்றும்படி சுகம்.

உன் கேள்விக்கு நல்ல நேரத்தில் பதில் எழுதுகிறேன். போன ஞாயிறுதான் ஏலம் நடந்தது. கவனமாகக் கேள், ரீச்சருக்குச் சொல்லலாம்.

இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கியவள் ஒரு விதவை. ஊரில் கொள்ளை நோய் வந்து, தெருவில் கிடந்தவர்களைத் தன் வீட்டுக்குள் எடுத்தாள். அதைப் பார்த்த சனங்கள் சாகும்போது தங்கள் திராட்சை நிலத்தை ஆஸ்பத்திரிக்கு எழுதி வைத்தார்கள். பிரபு ஒருவர் பெரிய மலைச்சரிவு ஒன்றைக் கொடுத்தார். கியெமெத் என்ற சலவைக்காரி ஒரே ஒரு வரிசைக் கொடியைக் கொடுத்தாள். யார் கொடுத்த நிலமோ, அதன் வைன் பீப்பாவுக்கு அவர்கள் பெயர். ஏலத்தில் விலையைக் கூறுவதற்கு முன் அந்தப் பெயரை முழுதாக, சத்தமாகச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லாமல் விலையைச் சொன்னால் அந்த விற்பனை செல்லாது, திரும்பத் தொடங்க வேண்டும்.

இந்த வருடம் ஏலம் கூறியவன் புதியவன். அவசரத்தில் கியெமெத்தின் பெயரை விட்டுவிட்டு நேரே விலைக்குப் போய்விட்டான். முன்வரிசையில் எங்கள் நோயாளிகளைத்தான் இருத்துவார்கள். மொறிஸ் கைத்தடியால் தரையை இடித்து, "பெயர்! பெயர்!" என்று கத்தினார். மண்டபம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. பெரிய கம்பெனிக்காரர், கோட் போட்ட கனவான்கள் எல்லோரும் கத்தினார்கள். பாவம், அந்தப் பெடியன் வியர்த்துப்போய்ச் சலவைக்காரியின் பெயரைச் சொன்னான். கைதட்டு அடங்க நேரமெடுத்தது.

ப்ரொஜெக்ற்றை நன்றாகச் செய். அப்பா சுகம் என்று எழுதியிருந்தாய். வாசித்தேன்.

செபத்தில் உன்னை நினைக்கும்
மாமி


மார்க்கம்
28 டிசெம்பர் 2024

அன்புள்ள மாமிக்கு,

பிறந்திருக்கும் பாலன் உங்களுக்கும் வார்ட்டில் எல்லோருக்கும் நல்ல சுகம் தரட்டும். மொறிஸ் ஐயாவுக்கும் சொல்லுங்கள்.

உங்களுக்கு என்னில் கோபம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பிறகு பார்த்தால் தபால்காரர்கள் வேலைநிறுத்தம். முடிந்ததும் எல்லாம் ஒன்றாக வந்து குவிந்தன. பெட்டி நிரம்பி வழிகிறது என்று கேள்விப்பட்டு அப்பா என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு தானே போய்விட்டார். மாமி, எனக்கு உயிர் இல்லை. குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். அப்பா வந்து பில்களையும் விளம்பரத் தாள்களையும் சாவியையும் மேசையில் போட்டார். உங்கள் கடிதம் அதற்குள் இல்லை. மறுநாள் நான் போய்த் திறந்தபோது பெட்டிக்குள் அது ஒன்று மட்டும் கிடந்தது. தபால்காரர் பிந்திப் போட்டிருக்க வேண்டும். கடவுள் காப்பாற்றினார்.

பெயர் சொல்லும் கதையை வாசித்துச் சிரித்தேன். அதையே ப்ரொஜெக்ற்றின் நடுவில் போடப்போகிறேன். பெப்ரவரியில் பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோருடையதையும் வைப்பார்கள், பெற்றோரும் வருவார்கள். உங்கள் படத்தை வைப்பதா, விடுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஆனால் மாமி, வருவீர்களா என்று கேட்டேனே. அதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

அன்புடன்
ஜெனாட்


பூர்கோஞ்
2 பெப்ரவரி 2025

அன்பு மகள் ஜெனாட்டுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆசை. கொப்பு வெட்டும் காலம். காலையில் விரல் மடங்காது. வெட்டிய கொப்புகளைத் தகர வண்டியில் போட்டு எரித்து, அதில் கை காய்ச்சிக்கொண்டு வேலை செய்கிறோம்.

உன் கேள்விக்குப் பல தடவை பதில் எழுதிக் கிழித்தேன். மே மாதத்தில் தளிர் வந்திருக்கும். ஒரு விடியற்காலை உறைபனி பட்டால் அந்த வருட வைன் போய்விடும், ஆஸ்பத்திரிச் செலவு தள்ளாடும். வரிசை வரிசையாகப் பெரிய மெழுகுவாளிகளைக் கொளுத்தி, தளிர்களுக்குச் சூடு கொடுத்துக் காவல் இருப்போம். அந்த நேரத்தில் என்னால் வர முடியாது.

இது உண்மை. இது மட்டுந்தான் காரணமா என்று கேட்காதே.

விட்பி அன்ரி நிற்கட்டும். அல்லது, வர முடியாத ஞானத்தாய்க்குப் பதிலாக இன்னொருவர் நிற்கத் திருச்சபை இடம் கொடுக்கிறது. சுவாமியைக் கேட்டுப் பார். படத்தை வைப்பது உன் விருப்பம். உனக்குப் பயமென்றால் வேண்டாம்.

ஆசீர்வாதங்களுடன்
மாமி


மார்க்கம்
23 பெப்ரவரி 2025

அன்புள்ள மாமிக்கு,

முதலில் சுகம். எல்லோரும் சுகம்.

படத்தை வைத்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் கூட்டம். அப்பா வர மாட்டார் என்று நினைத்தேன். உறைந்த சாமான் வைக்கும் களஞ்சியத்தில் அவருக்குப் பின்னேர வேலை. ஆனால் வேலைச் சப்பாத்தோடு நேரே வந்துவிட்டார். அம்மாவும் வந்தார். போதாததற்குப் பஸ்ரியன் அங்கிள் வேறு. கௌசியின் ஈஃபில் கோபுரம் ஐஸ் குச்சியில் செய்தது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்தார். படத்தைக் கண்டார்.

"உது ஆர்?"

"மாமி" என்றேன்.

"அது தெரியுது. உவ கையிலை என்ன வச்சிருக்கிறா?"

"கத்தரிக்கோல் அப்பா. குலை வெட்டுறது."

"ஊரைக் குடிக்க வைக்கிறதுக்கு."

"இல்லையப்பா. ஆஸ்பத்திரிக்கு."

"என்ன ஆஸ்பத்திரி?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டே, "வாசிச்சுச் சொல்லு பிள்ளை. அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாதெல்லே" என்றார்.

எழுதி வைத்திருந்த பிரெஞ்சை அப்படியே தமிழில் சொன்னேன். விதவை, கொள்ளை நோய், நிலம் கொடுத்தவர்கள், சலவைக்காரி, மொறிஸ் ஐயாவின் கைத்தடி, இப்போது நடக்கும் கொப்பு வெட்டு. கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன். திறந்தபோது பின்னால் வேறு தமிழ்ப் பெற்றோரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ்ரியன் அங்கிள், "மச்சான், சாம்பிள் ஒண்டும் தரமாட்டினமோ?" என்றார்.

அப்பா திரும்பினார். "நீதானே எனக்குச் சாராயத் தொழிற்சாலை எண்டு சொன்னனி?"

"பேஸ்புக்கிலை போத்தலோடை நிண்டா, சொன்னன். ஆஸ்பத்திரி எண்டு போத்தலிலை எழுதியோ கிடக்கு?"

என் வாய் தானாகத் திறந்துவிட்டது. "எழுதியிருக்கு அங்கிள். பெரிய எழுத்திலை."

அம்மா சிரிப்பை அடக்க முயன்று இருமினார். அப்பா சிரிக்கவில்லை. படத்துக்குக் கிட்டக் குனிந்து வெகுநேரம் நின்றார். ரீச்சர் வந்து ஏதோ கேட்டதும் நிமிர்ந்து, ஆங்கிலத்தில், "வெரி குட் வேர்க்" என்றார். என்னைச் சொன்னாரா, உங்களைச் சொன்னாரா தெரியாது.

அப்பாவின் காரில் வீட்டுக்குத் திரும்பினோம். ஏழாம் நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது கேட்டார்: "இந்தக் குளிருக்கையும் வெளியிலை நிண்டு கொப்பு வெட்டுறாளோ?"

"ஓம் அப்பா."

"கைக்கு என்ன போடுறவள்?"

எனக்குத் தெரியாது என்றேன். நாங்கள் எழுதுவதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. வீடு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டுமல்லவா?

மாமி, கைக்கு என்ன போடுகிறீர்கள்?

உங்கள்
ஜெனாட்


பூர்கோஞ்
16 மார்ச் 2025

என் தைரியசாலி மருமகளுக்கு,

நான் சுகம். இதை எழுதும்போது மிகவும் சுகம்.

உன் கடிதத்தை மொறிஸுக்குப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டினேன். போத்தல் இடத்தில் சிரித்துப் புரைக்கேறி நேர்ஸ் ஓடி வந்தாள். சிவப்பு விளக்கு இடத்தில் என்னால் வாசிக்க முடியாமல் போய்விட்டது. அவர் கண் துடைக்கத் தன் கைலேஞ்சியைத் தந்தார்.

அண்ணாவிடம் சொல்: கையுறை இருக்கிறது. பெருவிரலில் ஓட்டை, ஆனால் அதைச் சொல்லாதே.

அவருக்கு இடது தோள் முன்பு நோகும். களஞ்சியக் குளிர் அதற்குக் கூடாது. துணி சுற்றச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

அன்பு மாமி


மார்க்கம்
4 மே 2025

என் அருமை மாமிக்கு, ஞானத்தாய்க்கு,

நீங்களும் தளிர்களும் உறைபனியில் தப்பியிருக்க வேண்டும் என்று நேற்று முழுவதும் செபித்தேன். நாங்கள் நல்ல சுகம். இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் இருந்து பட்டப்பகலில் எழுதுகிறேன். எழுத்து நேராக இருக்கிறதா?

மார்ச் முடிவில் ஞானத்தாயின் பெயரைக் கொடுக்கச் சொன்னார்கள். அப்பாவும் நானும் சீமோன் சுவாமியிடம் போனோம். விட்பி அன்ரியின் பெயரைத்தான் அப்பா கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். சுவாமி என் ஞானஸ்நானப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "ஞானத்தாய் பிரான்சிலையோ? வருவாவோ?" என்று கேட்டார்.

அப்பா, "அவளுக்கு வரேலாது சுவாமி. தளிர் வாற நேரம். காவல் இருக்கோணும்" என்றார். நான் கதிரையால் விழாத குறை. அதை நான் அம்மாவுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"அப்ப பதிலுக்கு ஒராளை நிப்பாட்டலாம். ஆர் நிக்கிறது?"

"நான்."

"சூசைதாசன், தகப்பன் ஞானத்தகப்பன் ஆகேலாதெல்லே?"

"நான் ஆகேல்லை சுவாமி. அவள்தான் ஞானத்தாய். நான் அவளுக்குப் பதிலா நிக்கிறன்."

சுவாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிலுக்கு நிக்கிறவர், ஆருக்காக நிக்கிறன் எண்டு ஆயருக்கு முன்னாலை சத்தமாச் சொல்லோணும். அது எங்கட கோவில் வழக்கம். ஏலுமோ?"

அப்பா எழும்பி நின்றார். "ஏலும்" என்றார்.

நேற்றுக் கோவிலில் நிற்க இடமில்லை. உறுதிபூசுதலுக்கு நாங்கள் புனிதர் ஒருவரின் பெயரை எடுக்க வேண்டும். என் முறை வருவதற்குள் நான் எடுத்த பெயர் மறந்துவிடுமோ என்று பயம். மார்த்தா என்று எடுத்திருக்கிறேன், உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். ஆயர் என்னைப் பார்த்தார். அப்பாவின் கை என் தோளில் வந்தது. அது நடுங்கியது, மாமி. வீட்டில் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"யாருக்காக நிற்கிறீர்கள்?" என்று ஆயர் ஆங்கிலத்தில் கேட்டார்.

அப்பா மெல்லப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் தமிழில், கடைசி வரிசை வாங்கு வரைக்கும் கேட்க, "என்ரை தங்கச்சி, மரிய றெஜினா" என்றார். விட்பி அன்ரி அழுதது எனக்கு முன்வரிசைக்குக் கேட்டது. பஸ்ரியன் அங்கிள் கைதட்டத் தொடங்கி, அம்மா முறைத்ததும் நிறுத்தினார்.

பிறகு ஆயர் தைலம் பூசினார். என் புதுப்பெயரை நான் மறக்கவில்லை.

ஒரு குற்றம் செய்துவிட்டேன். கையுறை ஓட்டை விஷயம் வாய் தவறி வந்துவிட்டது. அதனால் இந்தக் கடிதம் பார்சலுக்குள் வருகிறது. அப்பாவும் ஒரு தாள் வைத்திருக்கிறார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

முத்தங்களுடன்
ஜெனாட் மார்த்தா


மார்க்கம்
4 மே 2025

அன்பின் தங்கச்சி றெஜிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகம் எப்படி? தோளுக்குத் துணி சுற்றுகிறேன்.

இதோடு வருவது எங்கள் களஞ்சியத்தில் போடும் கையுறை. உறைபனிக்கு நல்லது. விரலில் இறுக்கமாக இருந்தால் எழுது, பெரிய அளவும் இருக்கிறது. ஓட்டைக் கையுறையோடு வேலை செய்யாதே.

மார்கழியில் தபால் பெட்டிக்குள் உன் எழுத்தைக் கண்டேன். கையில் எடுத்தேன். பிறகு பிள்ளை எடுக்கட்டும் என்று வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கே எனக்கு வந்ததாக நினைத்து உடைத்து வாசித்திருக்கலாம் என்று இப்போது படுகிறது.

பஸ்ரியன் ஒரு போத்தல் கேட்கிறான். அனுப்ப வேண்டாம்.

செப்டெம்பரில் குலை வெட்ட வெளியாட்களை எடுப்பார்கள் என்று ஜெனாட் சொல்கிறாள். எனக்கு லீவு கிடக்கிறது. கத்தரிக்கோல் பிடித்துப் பழக்கமில்லை. கூடை தூக்குவேன்.

பதில் போடு. முகவரியில் என் பெயரையே எழுது.

அண்ணா
சூசைதாசன்